கோட்டை மாட்டிய டாக்டர்

1

இந்தக் கதை ஒரு வெட்டில் பிறந்தது. ஹாலிவுட்டை ஒட்டிய பர்பாங்கில் என் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு மத்தியானம் பழைய கறுப்புவெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கிழ டாக்டர் ஒருவர் கதவைத் திறந்து வருகிறார், கோட்டைக் கழற்றி மாட்டுகிறார், பேச வாயெடுக்கிறார். அடுத்த நொடி கதாநாயகன் குதிரையில் போகிறான். டாக்டர் அப்புறம் வரவே இல்லை. பெயர்ப் பட்டியலிலும் காணோம். ஆகவே அந்த நடிகருக்குப் பெயரை நானே வைத்தேன்: ஓட்டிஸ் க்ரான்டல்.

2

'ஓட்டிஸ் ஒரு மாபெரும் கலைஞர், உலகம் அவரை—'

வேண்டாம், அந்த ஆரம்பத்தை அடித்துவிட்டேன். அவர் தன்னை அப்படி நினைத்தவரில்லை. 1930களிலிருந்து ஹாலிவுட்டில் ஷெரீப், மதுக்கடைக்காரர், ஓட்டல் குமாஸ்தா என்று கிடைத்ததையெல்லாம் நடித்தவர். முகம் எல்லோருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. "ஃப்ரெஸ்னோவுல என் காரை ரிப்பேர் பண்ணது நீங்கதானே?" என்று தெருவில் ஒரு பெண் கேட்டபோது, "இப்ப நல்லா ஓடுதா?" என்று விசாரித்தார்.

டாக்டர் வேடம் மட்டும் வேறு. குழந்தை பிழைக்காது என்று தாயிடம் சொல்லும் நீண்ட காட்சி. [அவருக்கும் ஒரு குழந்தை இறந்திருந்தது என்று எழுதி, அடித்துவிட்டேன். நல்ல நடிகருக்கு அந்தக் காரணம் தேவையில்லை.] வெளியாகுமுன் பாசடேனாவில் படத்தைப் போட்டுக் காட்டியபோது அந்தக் காட்சிக்குக் கைதட்டினார்கள். கதாநாயகன் டேன் ஹோலிஸ்டருக்கு யாரும் தட்டவில்லை.

படம் வெளியான அன்று மனைவி வெர்னா புது உடுப்போடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கோட்டை மாட்டினார். குதிரை ஓடியது.

"மீதி எங்க?"

"வெட்டிட்டாங்க போல."

"யாரு?"

ஓட்டிஸ் குதிரைமேல் இருந்தவனைக் காட்டினார்.

3

அடுத்த படத்திலும் ஹோலிஸ்டர்தான். ஓட்டிஸ் மதுக்கடைக்காரர். (போகாதே என்றாள் வெர்னா. போனார்.) ஹோலிஸ்டருக்கு வசனம் மறந்துகொண்டே இருந்தது. இயக்குநர் தொப்பியை விட்டெறிந்தார்.

முதலில் எழுதிய ஒரு முடிவு: ஓட்டிஸ் கிளாஸைத் துடைத்தபடி வேடிக்கை பார்க்கிறார். எழுதும்போது இனித்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. ஒரு காட்சி கண்ணெதிரே சாவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நடந்தது இது. ஹோலிஸ்டர் மறுபடி திக்கியதும், எழுதித் தராத ஒரு கேள்வியை ஓட்டிஸ் கேட்டார்: "என்னப்பா, உன் அண்ணனைத் தேடியா இவ்வளவு தூரம் வந்தே?" அவனுக்கு வசனம் முழுக்க நினைவுக்கு வந்துவிட்டது. காட்சி முடிந்தது.

ஹோலிஸ்டர் அவரை ஓரமாக அழைத்தான்.

"உங்க காட்சியை வெட்டச் சொன்னது நான்தான். தெரியுமா?"

"தெரியும் தம்பி."

"அப்புறம் ஏன்...?"

"நீ திக்கினா நானும்ல நின்னுட்டே இருக்கணும்? கால் வலிக்குது."

4

இரவுச் சாப்பாட்டில் வெர்னா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கால் வலியாவது, மண்ணாவது. அவனை மன்னிச்சிட்டியா, இல்லையா?"

இங்கே மூன்று பதில்கள் எழுதினேன். 'மன்னிச்சிட்டேன்' என்றால் ஓட்டிஸ் மகானாகிவிடுகிறார். 'இல்லை' என்றால் சிறுத்துப்போகிறார். மூன்றாவதில் சிரித்து மழுப்புகிறார். அது நடிப்பு என்று அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

மூன்றையும் அடித்துவிட்டேன். வெர்னா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். பதிலை நீங்களே சொல்லுங்கள். ஆனால் அவரோடு அத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.