அம்முலு சொன்ன வசனங்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அந்தக் கோபம் நியாயம்தான் என்று சொல்ல ஒரு காரணமும் கூடவே கிடைத்துவிடும். இந்தக் குணத்தால் நான் பாழாக்கியது நாற்பத்தொரு காமிக்ஸ் புத்தகங்களின் ஓரம். அரை அங்குல ஓரம்தான். அரை அங்குலத்துக்கா இவ்வளவு வருத்தம் என்று கேட்பவர்கள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

பிரிஸ்கில்லாவும் நானும் சாலவாக்கத்திலிருந்து உத்திரமேரூர் பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ்ஸில் போனவர்கள். நான் ஊர், அவள் காலனி. எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர். அவள் அம்மா அம்முலு அந்த மூன்று ஏக்கரிலும் நாற்று நட்டுக் களை எடுத்தவள். பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் எங்களுக்கு ஞாபகம் இருக்காது. பஸ் ஊருக்குள் நுழைந்ததும் ஞாபகம் வந்துவிடும்.

பதினொன்றாம் வகுப்பில்தான் அந்தப் பைத்தியம் பிடித்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முத்துகிருஷ்ணன் என்பவர் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். காகித ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் கழிவுக் காகிதத்தில் ஒன்றிரண்டு மூட்டை எப்படியோ அவர் கடைக்கு வந்து சேரும். அதைக் கிளறிக்கொண்டிருந்த பிரிஸ்கில்லா ஒரு புத்தகத்தை எடுத்துத் தட்டினாள். அட்டையில் ஒரு கறுப்புப் பொம்பளை, கப்பல் ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அகலமான தோள், சுருட்டை முடி, முட்டி வரை சுருட்டிவிட்ட பேன்ட். பெயர் ஹெட்டி. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவள், ஆபத்து வந்தால் எதையும் தூக்குவாள்.

"ஏய், எங்கம்மா மாதிரியே கீதுடி" என்றாள் பிரிஸ்கில்லா.

நான் சிரித்தேன். ஆனால் சேற்றில் நின்று நாற்றுக்கட்டைத் தூக்கி வீசும் அம்முலுவை எனக்குத் தெரியும். அப்படித்தான் இருந்தது.

மூட்டையில் வேறு ஹீரோக்களும் நிறைய இருந்தார்கள். எல்லாவற்றையும் வாங்க எங்களிடம் காசு ஏது? அதனால் பிரிஸ்கில்லா ஒரு சட்டம் போட்டாள். கறுப்பு ஹீரோ இருந்தால் மட்டும் வாங்குவது. நான் வடையை விட்டேன், அவள் ரிப்பனை விட்டாள், வாரம் ஆளுக்குப் பத்து ரூபாய். முதலில் கிலோக் கணக்கில் போட்டுக் கொடுத்த முத்துகிருஷ்ணன், நாங்கள் விழுந்து விழுந்து தேடுவதைப் பார்த்ததும் புத்தகத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்துவிட்டார். நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வேண்டிய புத்தகத்தை அடியில் தள்ளிவிட்டு வேண்டாததைப் புரட்டிக்கொண்டு நிற்போம். அட்டை கிழிந்தது பாதி விலை என்பதால் கிழிந்ததாகப் பார்த்து எடுப்போம். கதையின் நடு பாகம் கிடைக்கும், முடிவு கிடைக்காது. இரண்டு வருஷத்தில் நாற்பத்தொன்று சேர்ந்தது.

அவள் வீட்டுக் கூரை ஒழுகும். அதனால் புத்தகங்கள் எங்கள் வீட்டு பீரோவில் இருந்தன. பாதி அவளுடையது. ஆனால் அந்த பீரோ இருந்த அறையை அவள் பார்த்ததே இல்லை. வந்தால் புறவாசல் வழியாக வருவாள். மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்தில் துணி துவைக்கும் கல்லில் உட்காருவாள். என் அம்மா சுலோச்சனா, கொட்டாய்க் கம்பில் அவளுக்கென்று கவிழ்த்து வைத்திருந்த டம்ளரில் தண்ணீர் கொடுப்பாள். நான் உள்ளே போய்ப் புத்தகம் எடுத்து வருவேன். அது எனக்கு உறுத்தவே இல்லை. உறுத்தியது என்று இப்போது சொன்னால் பொய்.

வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்கு எடுத்துப் போவாள். திரும்பி வரும்போது ஓரமெல்லாம் பென்சில் எழுத்தாக இருக்கும். போதாததற்கு, பிடித்த பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னாடி இது, புக்கு முழுக்கக் கிறுக்கி வெச்சிகீறே?"

"எங்கம்மாக்கு இங்கிலீஷும் தெரியாது, தமிழும் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து இவ இன்னா பேசறான்னு அதுவே சொல்லுது. செம காமெடியா கீது. அதான் எழுதிக்கினேன்."

"அதுல இன்னா போட்டுக்கீதுன்னு நான் படிச்சு சொல்றேன் இல்ல? இது எல்லாம் தப்புடி."

தப்புத்தான். ஹெட்டி இடிந்து விழும் பாலத்தைத் தாங்கிக்கொண்டு, இந்த நகரத்தை விழ விடமாட்டேன் என்று இங்கிலீஷில் முழங்குவாள். அம்முலுவின் ஹெட்டி சொல்வாள்: "நான் தூக்கிகினு நிக்கறேன், அவனவன் வேடிக்கை பாக்கறான் பாரு." வில்லன் பல்லைக் காட்டும் படத்துக்குக் கீழே: "சிரி, சிரி. கூலி கேக்க வருவேன் இல்ல, அப்ப சிரி." உடம்பிலிருந்து வெளிச்சம் வரும் இன்னொரு ஹீரோவைப் பார்த்து, "இவன் இருந்தா கரண்டு பில்லு மிச்சம்" என்றாளாம். இப்படி நாலைந்து படித்திருப்பேன். சிரித்தும் இருக்கிறேன். அதற்கு மேல் படிக்கவில்லை. நல்ல புத்தகத்தைக் கெடுக்கிறாளே என்ற ஆத்திரம்தான் மேலே நின்றது.

பள்ளி முடிந்ததும் அவள் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனாள், கல்யாணமானது. நான் பி.காம். படித்துவிட்டு உத்திரமேரூரில் இ-சேவை மையம் ஒன்றில் உட்கார்ந்தேன். புத்தகங்கள் பீரோவிலேயே கிடந்தன.

மூன்று வருஷத்துக்கு முன்னால், காமிக்ஸ் சேர்ப்பவர்கள் தங்கள் அலமாரியைக் காட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். வரிசையாக, சுத்தமாக, முதுகில் தங்க எழுத்தோடு. எனக்கும் ஆசை வந்தது. புது காமிக்ஸ் ஒன்று வாங்கும் காசில் எல்லாவற்றையும் பைண்டு போட்டுவிடலாம். தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டு வைப்பது எங்கள் வீட்டில் பழக்கம்தான். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்குக் கணக்கு நோட்டு பைண்டு போடும் வசந்த்குமாரிடம் கொண்டு போனேன்.

அவர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஓரத்துல பென்சில்ல ஏதோ எழுதிக்கீதேம்மா. கட்டிங் மிஷின்ல வெச்சா மூணு பக்கமும் பூடும். பரவால்லியா?"

"போனா நல்லதுதான். அழகா இருக்கும்" என்றேன்.

அவ்வளவுதான். யோசிக்கக்கூட இல்லை. ஐந்து வால்யூமாக, சிவப்பு காலிகோ துணி ஒட்டிய அட்டையில் வந்தன. போன் பண்ணி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. என் பீரோவில் இருந்தது என் புத்தகம் என்று எப்போதோ ஆகிவிட்டிருந்தது.

போன மாசம் அம்முலு செத்துப்போனாள். நடவு முடித்துக் கரையேறியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்தாள். நான் சாவுக்குப் போய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அதற்கு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பிரிஸ்கில்லா வந்தாள். பழையபடி புறவாசலில்.

"அந்த புக்கெல்லாம் வெச்சிகீறியா ஜெயா?"

"பத்திரமா கீது."

"அப்பாடா. ஒண்ணும் இல்ல, எங்கம்மா பேசுனது ஒண்ணுகூட போன்ல இல்லடி. அது வெச்சிருந்தது பட்டன் போனு. நேர்ல பாத்தா சண்டை போடத்தான் நேரம். அது சொன்னது எல்லாம் அந்த ஓரத்துலதான் கீது. முப்பதாம் நாள் ஜெபத்துல கொஞ்சம் படிச்சுக் காட்டலாம்னு. எல்லாரும் அழுதுகினே கீறாங்க, கொஞ்சம் சிரிக்கட்டும்."

உள்ளே போய் ஐந்தையும் தூக்கி வந்தேன். அவள் கல்லில் உட்கார்ந்து முதல் வால்யூமைத் திறந்தாள். புரட்டினாள். இன்னும் வேகமாகப் புரட்டினாள். சில பக்கங்களில் பாதி வெட்டுப்பட்ட எழுத்துகள் மட்டும் நின்றன. ஒரு கொம்பு, ஒரு சுழி.

"எங்கடி?"

"பைண்டிங்ல பூட்சி" என்றேன். "அந்த ஆளு கேக்காமக்கொள்ளாம வெட்டிட்டான்."

நாக்கு கூசாமல் சொன்னேன். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அவருக்கு இன்னா தெரியும் பாவம்" என்று அந்த ஆளுக்குப் பரிந்துதான் பேசினாள். நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

திடீரென்று எழுந்தாள். "வெட்டுனதைக் கோணியிலதானே போட்டு வெப்பாங்க? கேட்டுப் பாக்கலாம் வா. துண்டு துண்டா கெடைச்சாலும் ஒட்டிக்குவேன்."

மூன்று வருஷத்துக் குப்பையை எவன் வைத்திருப்பான் என்றேன். இன்றைக்குக் கடை இருக்காது என்றேன். வண்டியில் பெட்ரோல் இல்லை என்றும் சொன்னேன். அவள் தன் ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள். பின்னால் உட்கார்ந்து போனேன். செய்யாற்றுப் பாலம் வரும்வரை எத்தனையோ தடவை அவள் முதுகைப் பார்த்து, நான்தான்டி சொன்னேன் என்று ஆரம்பித்தேன். ஒரு தடவைகூடச் சத்தம் வெளியே வரவில்லை.

முகூர்த்த மாசம் என்பதால் கடை திறந்திருந்தது. வசந்த்குமார் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பிரிஸ்கில்லா விஷயத்தைச் சொன்னாள். கொஞ்சம் கெஞ்சலாகத்தான் சொன்னாள்.

"அது அப்பவே மில்லுக்குப் பூட்சேம்மா" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்தார். "நான்தான் கேட்டனே. எழுத்து பூடும், பரவால்லியான்னு. போனா நல்லதுன்னு நீதானே சொன்னே?"

கட்டிங் மிஷின் பக்கத்தில் கோணியில் அன்றைய வெட்டுத் துண்டுகள் நிரம்பிக் கிடந்தன, வெள்ளை வெள்ளையாக. பிரிஸ்கில்லா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சுடுடி" என்றேன்.

"எங்கம்மாதான் சொல்லணும்" என்றாள்.

திரும்பும்போது என்னை ஏறு என்று சொல்லவில்லை. நான் பஸ்ஸில் வந்தேன்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகவில்லை. ஐந்து வால்யூமையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. நான்காவது வால்யூமில், கதை முடியும் பக்கம் ஒன்றில் கீழ் மூலை உள்பக்கமாக மடிந்திருந்தது. பிரிஸ்கில்லா மடித்தது. மடிக்காதே, மடிக்காதே என்று நான் கத்திய மடிப்பு. பைண்டரும் அதைப் பிரித்துவிடவில்லை. பிரித்தேன். மிஷின் கத்திக்கு அகப்படாமல் தப்பிய மூலை, மற்றப் பக்கங்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதில் பென்சிலில் நாலு வரி.

படத்தில் ஹெட்டி ஊரையே காப்பாற்றிவிட்டுத் தனியாக நடந்து போகிறாள். பின்னால் ஜனம் கை தட்டுகிறது. அம்முலு சொன்னது இது:

"இத்தினி பேரத் தூக்கி உட்டாளே, ஒருத்தனாவது வூட்டுக்குள்ள கூப்ட்டு ஒரு சொம்பு தண்ணி குட்த்தானா பாரு."

அந்த வரி பதினோரு வருஷம் என் பீரோவில் இருந்திருக்கிறது. மாட்டுக் கொட்டாய்க்கும் அந்த பீரோவுக்கும் நடுவில் இருபது அடிதான். படித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். என்ன ஆச்சு என்று அம்மா கேட்டாள். எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

ஜெபத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் ஐந்து வால்யூமையும் பையில் போட்டுக்கொண்டு காலனிக்குப் போனேன். சாவு அன்றைக்குத் தவிர நான் அந்தத் தெருவுக்குள் போனதில்லை. கூரை வீடு போய் இப்போது தளம் போட்ட வீடு. வாசலில் வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிரிஸ்கில்லா வாசற்படியில் வந்து நின்றாள். நான் நான்காவது வால்யூமைத் திறந்து அந்த மூலையைக் காட்டினேன்.

அவள் படித்தாள். உதடு அசைந்தது, அம்முலு பேசுகிற வேகத்திலேயே. ஒரு கணம் சிரிப்பு வந்தது போலத் தெரிந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் நீயே வெச்சிக்க" என்றேன். "உன்னுதுதான்."

பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சொம்பு இருந்தது. நீட்டினாள்.

"குடி."

அவர்கள் வீட்டுத் தண்ணீர் குடிப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. மிச்சம் வைக்காமல் குடித்தேன். சொம்பை அவளிடம் கொடுத்துவிட்டு நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அம்முலுவின் போட்டோவுக்கு யாரோ மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை.