வாழ்த்துகள், நாரே கர்ப்பமாக இல்லை

சோக்வான் வட்டத்தில் எதற்கெடுத்தாலும் பேனர் கட்டுவார்கள். யாருடைய மகனாவது வக்கீலானால் பேனர், யாருடைய மாடாவது போட்டியில் ஜெயித்தால் அதற்கும் பேனர். பிரசவம் பார்க்க ஒரு டாக்டர்கூட இல்லாத அந்த வட்டத்தின் எல்லையில், 'மழலைச் சத்தத்தால் மலரும் சோக்வான்' என்று வளைவு கட்டி அதற்குக் கலர் விளக்கும் போட்டிருந்தார்கள். மூன்றாவது குழந்தை பெற்றால் தங்க மோதிரம் உண்டு. முதல் குழந்தைக்கே வழியில்லாதவர்கள் மலையைத் தாண்டி, பேருந்து மாறி, நகரத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போய்க்கொள்ள வேண்டியதுதான்.

நாரே அப்படிப் போய் வந்துகொண்டிருந்தவள். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. முதல் இரண்டு செயற்கைக் கருத்தரிப்பு முயற்சிகளில் கணவன் டோகிலின் டிராக்டர் கரைந்துபோயிருந்தது. இந்த முறை அரசு உதவி கிடைத்தால்தான் உண்டு. அதற்கு ஒரு விதி: மாதவிடாய் தொடங்கிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஊசியைத் தொடங்க வேண்டும், ஊசிக்கு முன்பே அரசு சுகாதார நிலையத்தின் அனுமதி கையில் இருக்க வேண்டும். "இந்த மாசம் விட்டா, அடுத்த மாசம் முட்டை இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்று நகரத்து டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று காலை அவளுக்கு மாதவிடாய் வந்தது. சாயங்காலம் கிம்ச்சி ஊறுகாய்த் தொழிற்சாலையில் வேலை முடிந்து திரும்பும்போது, அவர்கள் ஊரான மால்கோலின் நுழைவில் இரண்டு சீமைப்பனிச்சை மரங்களுக்கு நடுவே புதுப் பேனர் ஆடிக்கொண்டிருந்தது.

'வாழ்த்துகள்! டோகில் வீட்டுக்கு வாரிசு வருகிறது! மால்கோல் இளைஞர் சங்கம்.'

மால்கோல் இளைஞர் சங்கத்தில் ஆக இளையவருக்கு அறுபத்தொன்று.

வீட்டுக்குள் நுழைந்தால் கடற்பாசி சூப் மணம். பிள்ளை பெற்றவளுக்கு வைத்துக்கொடுக்கிற சூப். மாமியார் கரண்டியும் கையுமாக நின்றாள்.

"அத்தை, யார்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நான் எங்கடி சொன்னேன்? கனவு கண்டேன், அதைத்தான் ஊர்ச் சாவடியில சொன்னேன். தங்கக் கெண்டை, இவ்ளோ பெருசு, துள்ளி வந்து என் மடியில விழுந்துச்சு. வீட்ல ஒருத்தி உண்டானா இன்னொருத்திக்குத்தானே கனவு வரும், கெண்டை மடியில விழுந்தா அப்புறம் என்ன சந்தேகம்? டோகில் உண்டானப்போ என் நாத்தனாருக்குக் கத்தரிக்காதான் கனவுல வந்துச்சு. அதான் அவன் அப்படி இருக்கான்."

"எனக்கு இன்னைக்குக் காலையில பீரியட்ஸ் வந்துருச்சு, அத்தை."

மாமியார் கொஞ்ச நேரம் சூப்பைக் கிண்டினாள். "அப்ப கெண்டை ஒரு மாசம் முன்னாடியே வந்துருச்சு போல."

"இந்தப் பாசி ஏது?"

"ஊர்த்தலைவர் ஆபீஸ்ல சொல்லி உடனே வாங்கிக் கொடுத்தாரு. கர்ப்பிணிப் பரிசு. ஒரு பேட்ஜும் இருக்கு, பஸ்ல இடம் கொடுப்பாங்களாம்."

மறுநாள் சுகாதார நிலையம் திறந்ததுமே நாரே போய் நின்றாள். மோக் என்ற இளம்பெண் அங்கே அதிகாரி. அந்த அலுவலகத்தில் வருகிற பெண்களையெல்லாம் 'தாயாரே' என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளையில்லாமல் வந்து நிற்பவளையும் அப்படிக் கூப்பிடுவதில் மரியாதை இருப்பதாக யாரோ அவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

"தாயாரே, கர்ப்பமா இருக்கறவங்களுக்குக் குழந்தையின்மை உதவி எப்படிங்க கொடுக்கறது?"

"நான் கர்ப்பமா இல்ல."

"கம்ப்யூட்டர்ல இருக்கீங்களே." மோக் திரையைத் திருப்பிக் காட்டினாள். "ஊர்த்தலைவர் உறுதி கொடுத்திருக்காரு. நம்ம வட்டத்துல மகப்பேறு டாக்டர் இல்லாததால, தாய்மாருங்க அலையக் கூடாதுன்னு இந்த வருஷம் புதுத் திட்டம். ஊர்த்தலைவர் சொன்னாலே போதும், கர்ப்பம்."

"அப்ப அவரே இல்லைன்னு சொல்லட்டும்."

"இல்லைன்னு சொல்ல டாக்டர் சான்றிதழ் வேணும்."

"டாக்டர்தான் இல்லைங்கறீங்களே!"

"அதுக்குத்தான் திட்டம்" என்றாள் மோக், பெருமையோடு.

மேசை ஓரத்தில் கர்ப்பப் பரிசோதனைக் குச்சிகள் ஒரு கூடை நிறைய இருந்தன. 'இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்.' நாரே ஒன்றை எடுத்துக்கொண்டு அவர்களுடைய கழிப்பறைக்கே போனாள். திரும்பி வந்து குச்சியை மேசைமேல் வைத்தாள். ஒற்றைக் கோடு.

மோக் எட்டிப் பார்த்தாள். "இது கர்ப்பத்தை உறுதி செய்யற குச்சிங்க, தாயாரே. கர்ப்பம் இல்லைங்கறதை உறுதி செய்யறது இல்ல."

நாரேயின் வாயில் வந்த சொல்லைப் பக்கத்தில் தடுப்பூசிக்கு வந்திருந்த கிழவர் ஒருவர் மட்டும் கேட்டார். அவர் தலையாட்டி ஆமோதித்தார்.

"அதோட, பதிவை நீக்கணும்னா பரிசைத் திருப்பித் தரணும்."

"பாசியை எங்க அத்தை சூப் வச்சுட்டாங்க."

"பேட்ஜ் மட்டும் போதுமான்னு மேலே கேக்கறேன். பத்து நாள்ல பதில் வந்துரும்."

பத்து நாள்! நாரே வெளியே வந்து நகரத்து மருத்துவமனைக்குப் போன் போட்டாள். அங்கேயும் எடுத்த எடுப்பில் 'தாயாரே'தான். கூடவே பின்னணியில் பியானோ வேறு. கர்ப்பமில்லைச் சான்றிதழ் தாராளமாகத் தரலாம் என்றது அந்தத் தேன்குரல். ஆனால் முழுப் பரிசோதனை முடித்த பிறகுதான், அதற்கு அடுத்த வாரம்தான் இடம்.

"நாளைக்குள்ள நான் ஊசி தொடங்கணுமே."

"அரசு உதவி வேண்டாம்னு எழுதிக்கொடுத்துட்டா, முழுச் செலவையும் நீங்களே கட்டற தங்க வரிசையில இன்னைக்கே தொடங்கலாம், தாயாரே. காத்திருக்கிற கூடத்துல காபி, கால் பிடிச்சுவிடற நாற்காலி எல்லாம் உண்டு."

"ஒரு மூத்திரக் குச்சி பாக்கற வேலையை அடுத்த வாரம்தான் பாப்பீங்க. ஆனா காலை இன்னைக்கே பிடிச்சுவிடுவீங்க, அப்படித்தானே?"

பியானோ முடிவதற்குள் நாரே போனை வைத்துவிட்டாள்.

நாரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். இங்கே ஒருவன் வழியே இல்லாமல் கதவைப் பூட்டி வைத்திருக்கிறான். நகரத்தில் இன்னொருவன் கதவைத் திறந்து வைத்து வாசலில் சுங்கம் வசூலிக்கிறான். இருவருமே அவளைத் 'தாயாரே' என்கிறார்கள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. எதிரே, சுகாதார நிலையத்தின் மதில்மேல், வட்டத் தலைவர் ஏதோ விருது வாங்கியதற்கு ஒரு பேனர் கட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள்.

ஊர்த்தலைவர் போங்மான் தன் மச்சானின் அச்சுக்கடையில் உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருந்தார்.

"வாம்மா, வா! வயித்தோட ஏன் அலையறே? உக்காரு."

"வயித்துல ஒண்ணும் இல்ல பெரியப்பா. நீங்க சொன்ன பொய்யிலதான் இருக்கு."

நடந்ததையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல, அவர் சோளத்தைக் கீழே வைத்துவிட்டார். "கெண்டைன்னாங்களே..." என்று முனகினார். "பதினோரு வருஷமா நம்ம ஊர்ல ஒரு குழந்தை பொறக்கல. சந்தோஷத்துல ரெண்டாவது தடவை யோசிக்கல. நான் என்ன பண்ணணும் சொல்லு."

"உங்களுக்கு என்ன தெரியுமோ அதையே பண்ணுங்க. பேனர் கட்டுங்க."

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே, சுகாதார நிலையத்துக்கு நேர் எதிரே, வட்டத் தலைவரின் கார் தினமும் போகிற வழியில், இளைஞர் சங்கத்துக் கிழவர்கள் நால்வர் ஏணி போட்டு ஏறிக் கட்டினார்கள். வழக்கமான மஞ்சள் எழுத்து, சுற்றிலும் பூ.

'வாழ்த்துகள்! மால்கோல் மருமகள் நாரே கர்ப்பமாக இல்லை! சுகாதார நிலையம் மட்டும் நம்ப மறுக்கிறது. மால்கோல் இளைஞர் சங்கம்.'

போவோர் வருவோர் நின்று படித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் படம் பிடித்தார்கள். தன் கர்ப்பப்பை நடுத்தெருவில் காற்றில் ஆடுவதை நாரே பார்த்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நேற்று சாயங்காலமே அதை மரத்தில் கட்டியாகிவிட்டது. இன்று எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கிறாள், அவ்வளவுதான்.

கறுப்புக் கார் வந்தது. வேகம் குறைந்தது. பின் கண்ணாடி இறங்கி, ஏறியது.

பத்து நாள் ஆகும் என்று மோக் சொன்ன பதில், அந்தக் கார் சாப்பாட்டுக் கடையை எட்டுவதற்குள் வந்துவிட்டது. மோக்கே தெருவைக் கடந்து ஓடி வந்தாள், கையில் அனுமதித் தாளோடு. "பேட்ஜ் மட்டும் போதும்னுட்டாங்க, தாயாரே. தயவுசெஞ்சு அந்தப் பேனரைக் கழட்டச் சொல்லுங்க."

"என் பேரு நாரே."

"நாரே அவர்களே" என்றாள் மோக், மூச்சு வாங்க.

அடுத்த பேருந்திலேயே அவள் நகரத்துக்குப் போனாள். சாதாரண வரிசையில், சாதாரண நாற்காலியில் காத்திருந்து முதல் ஊசி போட்டுக்கொண்டாள். மீதி ஊசிகளை வீட்டிலேயே தானாக வயிற்றில் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பனிப்பையில் வைத்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது, முற்றத்தில் மாமியார் அந்தப் பேனரை விரித்து மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். நல்ல கனமான துணி, அதைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்? 'மால்கோல் மருமகள் நாரே கர்ப்பமாக' என்பது வரை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அடுத்த சொல்லின் மேல் மட்டும் மிளகாய் குவிந்து கிடந்தது.

"அத்தை, அந்த 'இல்லை'யை மூடாதீங்க. இப்போதைக்கு அதுதான் உண்மை."

"நான் எங்கடி மூடினேன்? காத்துக்கு உருண்டு போயிருக்கும்."

காற்று அசையவே இல்லை. நாரே குனிந்து, 'இல்லை' தெரியும்படி மிளகாயைத் தள்ளிவிட்டாள். உள்ளே போய்க் குளிர்பெட்டியைத் திறந்து, கிம்ச்சி டப்பாவுக்குப் பின்னாலிருந்த ஊசியை எடுத்து, சட்டையைத் தூக்கிப் பல்லால் கடித்துக்கொண்டாள்.