முன்னால் விழுந்த வெடி

...இந்தக் கை இன்றைக்கும் அடங்கவில்லை, எண்பத்து நான்கு வயதாகியும் படகில் கால் வைத்ததும் பின்பக்கக் கொடியைப் பார்த்து நெற்றிக்குக் கிளம்பிவிட்டது, நல்லவேளை, கொன்ஸ்ரன்ரைன் அதைப் பாதி வழியில் மடக்கி நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று சிலுவை அடையாளமாக்கிவிட்டார், பிதாவும் சுதனும் பொறுத்தருளட்டும், கப்பலேறினால் பின்தளத்துக்கு சலூட் அடிக்கவேண்டும் என்று திருகோணமலையில் வெள்ளைக்காரன் பழக்கிய பழக்கம், இது நோர்வேக்காரனின் கொடி, இதற்கு எதற்கு... ஒஸ்லோவிலிருந்து நெசொட்டனுக்குப் போகும் படகின் மேல்தட்டில் ஓகஸ்ட் வெயில் இதமாக இருந்தது. பக்கத்தில் சற்குணம், ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர், மீன் தொழிற்சாலையில் முதுகைக் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர், தேநீர்க் குடுவையைத் திறந்துகொண்டிருந்தார். வெயில் நாட்களில் இருவரும் அக்கரை போய், இறங்காமல் அதே படகில் திரும்புவார்கள், போக இடமிருந்தா போகிறார்கள், இரண்டு கிழடுகளும் ஊர்சுற்றக் கிளம்பிவிட்டன என்று மகள் மரியரஞ்சனி சிரிப்பாள், சிரிக்கட்டும், இதைவிட ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்.

பெற்றி ஒபிசர் கொன்ஸ்ரன்ரைன்... அதிகாரி என்றால் அதிகாரிகள் சிரிப்பார்கள், மாலுமி என்றால் மாலுமிகள் நம்பமாட்டார்கள், அப்படி ஓர் இடைப்பட்ட உத்தியோகம், ஆனால் அந்த வெள்ளைக் காற்சட்டையின் மடிப்பு இருக்கிறதே, அதில் பட்டால் கை வெட்டுப்படும். ஆறாம் ஜோர்ஜ் மன்னருக்காக யப்பான் விமானத்தை வானத்தில் தேடித் தேடிக் கழுத்துப் பிடித்தது, பிறகு புதிதாக வந்த பொடியன்களுக்குப் பீரங்கி பழக்கியது, சுதந்திரம் வந்ததும் இவர் விலகி மன்னாரில் ஐஸ் தொழிற்சாலைக்குப் போனது, பொடியன்கள் அங்கேயே நின்றது, கொடி மட்டும் மாறியது... சந்தோசமான காலம்தான், அதை ஒளிக்கவேண்டி வந்ததுதான் பகிடி. இங்குள்ள தமிழரிடம் நேவி என்றால் யாருக்கு ஜோர்ஜ் மன்னர் ஞாபகம் வரும், ஊர்க்கடலில் எங்கள் சனத்தைச் சுடுகிற இலங்கை நேவிக்காரன்தான் வருவான், அப்பா கப்பல் கொம்பனியில் இருந்தவர் என்றே மகள் சொல்லி வைத்திருக்கிறாள். சற்குணத்தின் தம்பியை நேவி சுட்டது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து வாய் இன்னும் இறுகிவிட்டது, சொன்னால் இந்த வெயிலும் தேநீரும் போய்விடுமே, இந்த வயதில் இனியொரு சிநேகிதனை எங்கே தேடுவது?

"ஒவ்வொருமுறையும் ஏறேக்கை சிலுவை போடுறியள் ஐயா. கடலெண்டால் பயமோ?" என்றார் சற்குணம். பயமா, எனக்கா, யாரைப் பார்த்து... ரோசம் புத்தியை முந்திக்கொண்டது.

"அது சலூட். நான் நேவியிலை இருந்தனான், வெள்ளைக்காரன்ரை காலத்திலை."

சற்குணம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு, இனி லிப்டில் கண்டாலும் முகத்தைத் திருப்புவார், கிழட்டு வாயே, உனக்கு ஏன்... ஆனால் தேநீர்க் கோப்பை அவர் பக்கம் நீண்டது. வெள்ளைக்காரனின் நேவிக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம், இதையா இவ்வளவு நாளும் ஒளித்து வைத்தீர்கள் என்று சற்குணம் சிரிக்கவே செய்தார். கொன்ஸ்ரன்ரைனுக்குக் கண் கலங்கிவிட்டது, எவ்வளவு லேசாக இருக்கிறது நெஞ்சு, சும்மா கிடந்து பயந்திருக்கிறேனே.

மனம் திறந்தவரிடம் தானும் திறக்கவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சற்குணம் மெதுவாகச் சொன்னார். "முதல் வெடி தம்பியின்ரை வள்ளத்துக்கு முன்னாலை, தண்ணியிலைதான் விழுந்தது. அதைக் கண்டுதான் அவன் திருப்பினவன். மற்ற வெடிதான் காலிலை. முதலாவது இல்லாட்டி ஆளே இல்லை ஐயா." அந்தத் தம்பி இப்போது இதே நோர்வேயில், ஸ்தவாங்கரில், பெண்சாதி பிள்ளைகளோடு, பொய்க்காலோடு.

முதலாவது எச்சரிக்கையாக முன்னால், தண்ணீரில். பொறு. இரண்டாவது படகில்... திருகோணமலையில் நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்த பாடம், அந்தப் பொடியன்கள் தங்கள் பொடியன்களுக்கு, அவர்கள் தங்களுடைய... அப்படியானால் ஸ்தவாங்கரில் ஒருவன் உயிரோடிருப்பது என்னாலா, இல்லை, அந்தக் கால் போனதும்... நடுவில் படகு திரும்பினால் சுடாதே என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன், சொல்லாமல் இருப்பேனா, அது யாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருப்பேனோ... தேநீர் இனிப்பாகத்தான் இருந்தது, வெயிலும் அப்படியே இருந்தது, சற்குணம் கேட்காமலே இன்னும் கொஞ்சம் ஊற்றினார், சொன்னேனா?