ரோட்டோரத்துத் துண்டு

ஜெபசிங்குக்கு வயலைப் பற்றிக் கவலை கிடையாது. ரோட்டில் போகிறவர்களைப் பற்றித்தான் கவலை. அச்சன்புதூரில் அவ்வளவு பேரும் உழுது சீவிச் சிங்காரித்து வைத்திருக்க, அவன் நிலம் மட்டும் மூன்று வருஷமாகத் தலைவாராமல் கிடந்தது. மனைவி கிருபாவின் கட்டளை அது. உழவு கூடாது, சருகைக் கொளுத்தக் கூடாது, வைக்கோலும் தழையும் போட்டு மண்ணை மூடியே வைக்க வேண்டும், சும்மா கிடக்கிற இடத்தில் பயறும் சணப்பும் கம்பும் கலந்து விதைக்க வேண்டும். கத்தரிக்காய் நன்றாகத்தான் காய்த்தது. அதை யார் பார்த்தார்கள்? ரோட்டிலிருந்து பார்த்தால் வெறும் காடு.

"பாம்புப் பண்ணையா வச்சிருக்கலே?" என்று டீக்கடையில் கேட்டால் அவனும் சேர்ந்து சிரித்துவைப்பான். வீட்டுக்கு வந்து கிருபாவிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதில் ஒரு தொல்லை உண்டு. சாரல் விழுந்ததும் இல்லாத சொந்தமெல்லாம் அருவியில் குளிக்கக் கிளம்பி வந்துவிடும். இந்தத் தடவை தூத்துக்குடியிலிருந்து அக்காவும் அத்தானும். அத்தான் அய்யாத்துரை ஒரு வார்த்தை சொன்னால் குடும்பமே அதைக் காலத்துக்கும் சொல்லிக் காட்டும். "உன் வயலைப் பாக்கணும் மாப்ள" என்று அவர் போனில் சொன்னதிலிருந்து ஜெபசிங்குக்குச் சோறு இறங்கவில்லை.

கிருபா கத்தரிக்காயோடு பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போன காலையில், டிராக்டரைக் கூப்பிட்டு ரோட்டோரத்துத் துண்டை மட்டும் உழுது போட்டான். மண் சிவந்து பளிச்சென்று கிடந்தது. அதன் முன்னால் நூறு ஏக்கர் உழுத பெரிய சம்சாரி மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றான்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய கிருபாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? இந்தத் துண்டு இனி உங்களுது. நான் தொடமாட்டேன்."

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மறுநாள் விடியுமுன் மழை கொட்டித் தீர்த்தது. அத்தானின் கார் வந்தது. நிறுத்த இடம் தேடி, சுத்தமாகத் தெரிந்த அந்தத் துண்டிலேயே ஏறியது. ஏறியதுதான் தாமதம், சக்கரம் பாதி புதைந்துவிட்டது. ஜெபசிங் பின்னாலிருந்து தள்ளினான். சேறெல்லாம் அவன் மேல்தான்.

கிருபா வயலுக்குள் ஓடி, கை கொள்ளாத வைக்கோலை அள்ளிவந்து சக்கரத்தடியில் திணித்தாள்.

"இப்ப எடுங்கண்ணே."

கார் வெளியே வந்தது. அத்தான் இறங்கி வயலுக்குள் ஒரு நடை போய்வந்தார். செருப்பில் சேறு ஒட்டவில்லை.

"என்ன மாப்ள, இம்புட்டு மழைக்கும் உள்ள ஒரு சொட்டு தேங்கல. வாசல்ல மட்டும் எதுக்குக் குளம் வெட்டி வச்சிருக்க?"

ஜெபசிங் முகத்துச் சேற்றைத் துடைத்தான். "குளம் நான் வெட்டுனது அத்தான். உள்ள இருக்கது பூராவும் கிருபா செஞ்சது."

சொன்ன பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. கிருபா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், ஆனால் சிரித்ததை அவன் பார்த்துவிட்டான்.

சாயங்காலம், விருந்தாளிகள் அருவிக்குப் போனதும் கேட்டான். "அந்தப் பயறு, சணப்பு விதையை எங்கன வச்சிருக்க?"

"கதவுக்குப் பின்னால கலந்து வச்சிருக்கேன். நேத்தே."

"தொடமாட்டேன்னியே?"

"விதைக்கப்போறது நீங்கதான?"

ரோட்டோரத்து ஈர மண்ணில் விதையை வீசிக்கொண்டு போனான். ரோட்டில் யாரோ சைக்கிளை நிறுத்தி, "என்னலே, திரும்பவும் காடா?" என்றார்கள்.

"ஆமா அண்ணாச்சி, காடுதான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அடுத்த பிடியை அள்ளினான்.