திறந்து பாத்தியா

தபால்காரர் பட்டறையின் உள்ளறையில் நாற்காலியில் உட்கார்ந்து, கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டு, செயற்கைக் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"புதுசு ஒத்துக்கலம்மா," என்றார், ஏதோ தன்மேல் தப்பு இருப்பதுபோல. "பழசு நல்லா இருந்துச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சிவந்து உரிந்திருந்தது. கால் செய்கிறவளுக்கு அந்தச் சிவப்பு முகத்துக்கு நேரே திட்டு வாங்கியது மாதிரி. காலின் நுனி போய் உட்காருகிற பிளாஸ்டிக் கிண்ணத்தில்தான் எல்லாமே இருக்கிறது. அதில் நூலளவு பிசகினாலும் மனிதன் நொண்டுவான். இவருக்கு அந்தப் பழைய கிண்ணத்தைச் சரிக்கட்ட அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. செய்து, மாட்டி, நடக்கவிட்டு, மறுபடி செய்து, கடைசியில் ஒருநாள் அவர் அறையை ஒரு சுற்று சுற்றி வந்து, "போட்டிருக்கறதே தெரியலம்மா" என்றபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அந்தக் கிண்ணம் விரிசல்விட்டதும் உடைத்துக் குப்பையில் போட்டாயிற்று. கம்ப்யூட்டரில் இருந்த வடிவத்தை எடுத்து, கால் கொஞ்சம் இளைத்திருக்கிறதே என்று இங்கே இறுக்கி அங்கே தளர்த்தி, அதன்மேலேயே சேமித்துப் புதிதைச் செய்தாள். பழைய வடிவம் பேக்கப்பில் இருக்கும் என்ற தைரியம். இரவுதோறும் கம்ப்யூட்டர் தானாகவே எல்லாவற்றையும் ஒரு தனி டிஸ்க்கில் நகலெடுத்து வைக்கும். பழையதும் இருக்கும், புதியதும் இருக்கும்.

"கவலைப்படாதீங்க சார். பழைய அளவுலயே செஞ்சு தந்துடறேன்," என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய் டிஸ்க்கைத் திறந்தாள்.

தபால்காரர் பெயரில் ஒன்றும் இல்லை. ஊன்றுகோல் தாத்தாவைத் தேடினாள். இல்லை. நீச்சல் டீச்சர் இல்லை. போன மழைக்காலத்துக்குப் பிறகு வந்த ஒருவர்கூட இல்லை. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மழைக்காலத்தில் வடிவம் வரைய ஒரு புதுக் கம்ப்யூட்டர் வாங்கி உள்ளறையில் வைத்தார்கள். பழையது பில் போட முன்னறையிலேயே தங்கிவிட்டது. பேக்கப்பைப் புதியதற்கு மாற்றவே இல்லை. யாரும் தொடாத பழைய கோப்புகளை அது ஒவ்வொரு இரவும் சிரத்தையாகப் பார்த்து, எல்லாம் சரி என்று பச்சை டிக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

கம்ப்யூட்டர், பில், போன் எல்லாம் அவள் தம்பியின் பொறுப்பு. அவன் அப்போதுதான் கையில் டீயோடு உள்ளே வந்தான்.

"பேக்கப்பைப் பாத்தியாடா?"

"பாத்தேன்க்கா. பச்சையா இருக்கு."

"பச்சையை நான் கேக்கல. வெள்ளிக்கிழமையானா கேக்கறேனே, ஒரு ஃபைலைத் திறந்து பாத்தியான்னு. பாத்தாச்சு, பாத்தாச்சுன்னு சொன்னியே. எந்த ஃபைலைத் திறந்த?"

அவன் டீயைக் கீழே வைத்தான். "ஏதோ ஒண்ணு... ஞாபகம் இல்ல."

"தபால்காரர் ஃபைலைத் திற. இப்ப. என் கண்ணு முன்னால."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தேடினான். மேலே போனான், கீழே வந்தான். காது மடல் சிவந்தது.

"புதுக் கம்ப்யூட்டரைச் சேர்க்க விட்டுப்போச்சு போல," என்றான் மெதுவாக. "சேர்த்துடறேன், பத்து நிமிஷ வேலை. நல்லவேளை, எதுவும் போகல."

அந்த 'நல்லவேளை'யில்தான் அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"போயிடுச்சுடா. பழசு மேலயே புதுசை சேவ் பண்ணிட்டேன். அந்த மனுஷன் காலு போயிடுச்சு, ரெண்டாவது தடவையா."

"நீ ஏன் அதுமேலயே சேவ் பண்ணுன? வேற பேர்ல போட்டிருக்கலாம்ல?"

அது உண்மைதான். உண்மையாக இருந்ததால் கோபம் இன்னும் மூண்டது. "போட்டிருக்கணும். என் புத்திக்கு அது எட்டல, என் தப்புதான். ஆனா நான் உன்கிட்ட பொய் சொல்லல. வாரா வாரம் வாய்கூசாம பாத்தேன்னு சொன்னது யாரு? மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா திட்டிட்டு நானே பாத்திருப்பேன். சோம்பலா இருக்குன்னு சொல்லியிருந்தாக்கூடப் பாத்திருப்பேன். நீ பாத்தேன்னு சொன்னதாலதான் நான் பாக்கல."

அவன் திரையில் திறந்திருந்த பட்டியலை மூடினான்.

"எழுந்திரு. அவர்கிட்ட நீயே வந்து சொல்லு."

"நானா? அக்கா, எனக்கு அந்த ரூமுக்குள்ள..."

"தெரியும். எழுந்திரு."

பட்டறை தொடங்கிய நாள்முதல் அவன் உள்ளறையில் கால்வைத்ததெல்லாம் வயர் மாட்ட மட்டும்தான், அதுவும் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து. வெட்டுப்பட்ட காலைப் பார்த்தால் குமட்டும் என்பான். வீட்டில் எல்லோரும் சிரித்து விட்டுவிட்டார்கள். அவளும்தான்.

தபால்காரர் முன்னால் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்க பழைய அளவு எங்ககிட்ட இல்லைங்க. நான்தான் சரியா பாத்து வெக்கல."

அவர் மடியில் இருந்த காலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப முதல்லேருந்தா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"பரவாயில்ல," என்றார். அந்தப் 'பரவாயில்ல'யை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அவர் கத்தியிருக்கலாம். கத்த வேண்டியவர் கத்தாமல் விட்டால் அதையும் சேர்த்து இவள் அல்லவா சுமக்க வேண்டியிருக்கிறது.

"பிடிடா," என்றாள் தம்பியிடம். "தொடைக்கு அடியில கை குடுத்துத் தூக்கிப் பிடி. அசையக் கூடாது."

அவன் மண்டியிட்டுப் பிடித்தான். அவள் எலும்பு முனைகளைத் தடவிப் பார்த்துப் பென்சிலால் குறித்தாள். உரிந்த இடத்தின் ஓரத்தில் விரல் பட்டதும் கால் துடித்தது. அந்தத் துடிப்பு அவன் உள்ளங்கைக்குள் ஓடியதை அவன் முகத்திலேயே பார்த்தாள். வெளிறிப்போய், வியர்த்து, ஆனாலும் கையை எடுக்காமல் இருந்தான். அவள் அளவெடுக்கும் ஸ்கேனரைக் காலைச் சுற்றி நிதானமாகக் கொண்டுபோனாள். தேவைக்கு அதிகமான நிதானமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"ஆள் முன்னாடி வெச்சு அவனை அவமானப்படுத்திட்டியாமே. சோறு இறங்கல அவனுக்கு. மிஷின் பச்சைன்னு காட்டினா பிள்ளை என்ன பண்ணுவான்?"

"மிஷின் பொய் சொல்லலம்மா. அதுகிட்ட கேட்டதை அது செஞ்சுது. நான் கேட்டது உன் பிள்ளைகிட்ட."

"தம்பிதானடி. அவனை விட்டா உனக்கு யாரு இருக்கா?"

"அதனாலதான் நம்பினேன்," என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள். அம்மாவிடம் இப்படிப் பேசியதற்கும் சேர்த்து அவன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுநாள் காலை அவள் வந்தபோது புதுக் கம்ப்யூட்டரைப் பேக்கப்பில் சேர்த்திருந்தான். அவள் எட்டிப்பார்க்கவில்லை. வேலை விஷயம் தவிர வேறு பேச்சே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அவன் முன்னறையிலும் அவள் உள்ளறையிலும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவன் கதவோரம் வந்து நின்றான்.

"ஒரு பேரு சொல்லு."

"எதுக்கு?"

"திறந்து காட்டறேன்."

"நீச்சல் டீச்சர்," என்றாள், தலை நிமிராமல். "நேத்து மாத்தினதுக்கு முந்தினது."

அவன் டிஸ்க்கிலிருந்து எடுத்துவந்து, உள்ளறைக் கம்ப்யூட்டரில் திறந்தான். சாம்பல் நிறக் கிண்ணம் திரையில் மெல்லச் சுழன்றது. அவள் எழுந்து வந்து, சுற்றளவை மூன்று இடங்களில் பார்த்து, டீச்சரின் சுற்றளவு குறித்த அட்டையோடு ஒப்பிட்டாள். சரியாக இருந்தது.

"இனிமே பேரு நான் சொல்லுவேன். நீ திறக்கணும், நான் பாக்கணும்," என்றாள். "பாத்தேன்ங்கற வார்த்தை உன் வாயிலேருந்து எனக்கு வேண்டாம்."

"இன்னும் கோபமா அக்கா?"

"ஆமா."

அவன் தலையாட்டினான். வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தபால்காரர் வந்துவிட்டார். தம்பி ஒரு கணம் தயங்கி நின்றான். பிறகு, அவள் கூப்பிடாமலேயே, மறுபடி அளவெடுத்துச் செய்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போனான்.