அக்கா பெயரில் எழுதிய சீட்டுகள்

மருந்துக் கிடங்கின் பேக்கிங் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். மேலே திட்டு வாங்கிக் கீழே கொடுப்பதுதான் வேலை. பெட்டியில் மருந்து மாறிப்போனால் கடைக்காரர் திருப்பி அனுப்புவார். கட்டியவர் பெயரில் நான் ஒரு தவறுச் சீட்டு எழுத வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று சீட்டு விழுந்தால் வேலை போய்விடும்.

எங்கள் ஆறு பேரில் யாருக்கும் மூன்று விழுந்ததில்லை. ஒருவருக்கு இரண்டு ஆகிவிட்டால், அடுத்ததை இன்னும் இரண்டு ஆகாதவர் பெயரில் எழுதுவேன். பெரும்பாலும் பெரியக்கா பெயரில். பிரிவில் மூத்தவர், கண்ணை மூடிக்கொண்டு கட்டினாலும் அவருக்கு மருந்து மாறாது.

"எனக்குக் காலியாத்தானே கிடக்கு, என் தலையில கட்டுங்க தம்பி. அந்தப் பொண்ணு பாவம், கைக்குழந்தைக்காரி" என்பார்.

"அக்கா தலை என்ன குப்பைத்தொட்டியா?" என்று எங்கள் வாயாடி கேட்பாள்.

"அதுல பாதி உன் குப்பைதாண்டி!"

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். மாதாமாதம் அக்காவுக்கு இரண்டு சீட்டு. மூன்றாவது விழ நான் விட்டதே இல்லை. அதில் எனக்குப் பெருமை வேறு, வெட்கக்கேடு!

பிறகு புது மேனேஜர் வந்தார். வேகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாததால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கோட்டு. ஒரு நாள் அக்காவையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மாசக் கணக்கெல்லாம் இனிமே கிடையாது. வருஷத்துக்கு மொத்தமா கூட்டிப் பாத்தேன். யாருக்கு அதிகமோ அவங்களை வேலையிலிருந்து எடுத்துடறதுன்னு முடிவு" என்று கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். மற்றவர்களுக்குப் பன்னிரண்டு, பதினைந்து. அக்காவுக்கு இருபத்துநாலு.

வருஷத்தைக் கூட்டிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே, பாவிகள்!

அக்காவின் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ், கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையில்தான் நடக்கிறது. வேலை போனால் அட்டையும் போகும். அது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் பொய்ச் சீட்டு எழுதிய என் வேலை போகும் என்பதும் தெரியும்.

"இந்த இருபத்துநாலு தப்பும் நீங்க செஞ்சதுதானா?" என்று கோட்டு கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் கல்லுளிமங்கன் மாதிரி மேஜைமேல் கிடந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா சார். என்னோடதுதான்."

வெளியே வந்ததும் பின்னாலேயே ஓடினேன். "அக்கா, நான் உள்ள போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன்க்கா."

"நாளைக்குக் காலையில அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும் தம்பி. இனிமே எங்க கூட்டிட்டுப் போவேன்னு தெரியல." குரலில் கோபமே இல்லை. செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். "உள்ள இருந்தப்போ உங்க வாயையேதான் பாத்துட்டு இருந்தேன்."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அந்த அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. வாசல் வரைக்கும் போனேன். கோட்டு நிமிர்ந்து பார்த்து, "என்ன?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.