பச்சைக் கோடு

என் முழங்காலைப் பற்றிப் பெரிய அதிகாரிகள் கூடிப் பேசியிருக்கிறார்கள் என்பது, டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பாலத்து வாட்ச்மேன் வந்து சொன்னார். அதையும் நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். "உங்களுக்கு வலது முட்டி பிடிச்சுக்கிட்டதாமே, அதனால இடது முட்டி வலிக்குதாமே. மேடம் போர்டுல படமே போட்டுக் காட்டுனாங்களாம்." டீ புரையேறியது. கட்டிய மனைவியே காலை வாரிவிட்டாளே என்று நண்பர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் துணிந்து வாயைத் திறந்துவிட்டாள் என்பது மட்டும்தான் மனசில் நின்றது.

நான் பஸ் ஓட்டுகிறேன். என் மனைவி பாலங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் பொறியாளர். ஆற்றின் மேல் நிற்கும் பழைய இரும்புப் பாலம் அவள் பொறுப்பு. பாலத்தின் உடம்பெல்லாம் சென்சார்களைப் பொருத்தி வைத்திருக்கிறாள். எந்த இடம் எவ்வளவு நடுங்குகிறது, வெயிலில் எந்த முனை எவ்வளவு நகர்கிறது என்பதெல்லாம் அவள் திரைக்கு வந்து கோடுகளாக ஓடும். வைத்த எல்லையைத் தாண்டினால் கோடு சிவப்பாகும். தாண்டாத வரை பச்சை. கிழட்டுப் பாலத்துக்கு உட்கார்ந்து நாடி பிடிக்கிறாள் என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். நாள் முழுக்க அந்தப் பாலத்தின் மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வருகிறவன் நான். நாடி பிடிக்க ஒருத்தி இருக்கிறாள் என்பது எனக்குத் தெம்பாகத்தான் இருந்தது.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் மேற்கு முனைக் கோடு சிவந்தது. மதியமானால் போதும், எல்லையைத் தாண்டிக்கொண்டு போனது. மேற்குத் தூண் சாய்கிறது, வயசாகிவிட்டது, மூடி இடித்துவிடலாம் என்று தலைமைப் பொறியாளர் முடிவுக்கு வந்துவிட்டார். புதுப் பாலம் எப்போது வருமோ யாருக்குத் தெரியும். அதுவரை அக்கரை ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஊரையே சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அன்று வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சாயங்காலம் சமையலறை மேடையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். திரையில் இருந்தது சிவப்புக் கோடு இல்லை. கிழக்கு முனையின் பச்சைக் கோடு, இழுத்துக் கட்டிய கயிறு போலக் கிடந்தது. நல்லா இருக்கிறதை எதற்குப் பார்க்கிறாய் என்று கேட்டேன்.

"இது நல்லா இல்லைங்க. வெயில்ல இரும்பு நீளும். நீளுறப்போ ரெண்டு முனையும் அடியில இருக்கற இரும்பு உருளை மேல சமமா நகரணும். கிழக்கு நகரவே இல்லை. பச்சைன்னு நாங்க எல்லாரும் விட்டுட்டோம்."

சென்சார் கெட்டுப்போயிருக்குமோ என்றேன். அதையும் பார்த்துவிட்டாளாம். ஒவ்வொரு பஸ் போகும்போதும் அந்தக் கோட்டில் சின்ன நடுக்கம் விழுகிறது, ஆகவே சென்சாருக்கு உயிர் இருக்கிறது. உருளைதான் துருப்பிடித்து இறுகிவிட்டது. கிழக்கே போக வழியில்லாத பாலம் நடுத்தூணையும் தள்ளிக்கொண்டு மொத்தமாக மேற்கே நகர்கிறது. மேற்கு பாவம், இரண்டு பேர் வேலையை ஒற்றை ஆளாகச் செய்கிறது. அவள் சொல்லி முடிக்கவும் நான் நாற்காலியிலிருந்து இடது காலை ஊன்றி எழுந்தேன். என் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று அப்போது விளங்கவில்லை.

வாட்ச்மேன் சொன்ன அந்தக் கூட்டத்தில் நடந்ததை அன்று வீட்டில் அவள் வாயாலேயே கேட்டேன். பிடித்துக்கொண்ட வலது முட்டி கிழக்கு முனை, பாரம் தாங்கி வலிக்கிற இடது முட்டி மேற்கு முனை என்று என் காலை வைத்துத்தான் விளக்கியிருக்கிறாள். தலைமைப் பொறியாளர் மோசமான மனிதர் இல்லை. பாலம் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவள் கணக்கு தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். உருளையை விடுவித்த பிறகும் கிழக்குக் கோடு அசையாவிட்டால் பாலத்தை மூடும் உத்தரவில் முதல் கையெழுத்து தன்னுடையது என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

போக்குவரத்தை நிறுத்தினார்கள். ஜாக்கி வைத்துப் பாலத்தின் கிழக்கு முனையை மயிரிழை தூக்கி, உருளைகளைக் கழற்றி, துருவைச் சுரண்டிச் சுரண்டிக் கூடையில் அள்ளினார்கள். பழுதானவற்றை மாற்றி, கிரீஸ் தடவி மறுபடி இறக்கினார்கள். மறுநாள் நான் விடுப்புப் போட்டுவிட்டுப் பாலத்தடிக்குப் போனேன். எல்லோரும் தூண் நிழலில் திரையைச் சுற்றி நின்றிருந்தார்கள். வெயில் ஏறியது. கோடு அசையவில்லை. இன்னும் ஏறியது. தலைமைப் பொறியாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவள் உட்காரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது. அத்தனை அதிகாரிகளுக்கு நடுவே எப்படிப் பிடிப்பது.

தலைக்கு மேலே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். அவள் மட்டும் திரையைப் பார்த்தாள். பச்சைக் கோடு எழுந்து சாய்வாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் மேற்குக் கோடு எல்லைக்குள் இறங்கிச் சிவப்பு மறைந்தது. கூட வேலை செய்கிறவர்கள் அவள் தோளைத் தட்டினார்கள். தலைமைப் பொறியாளர், இனி அசையாத கோட்டுக்கும் ஒரு நிறம் வைக்க வேண்டும் என்றார்.

"மஞ்சள் வெச்சாச்சு சார்," என்றாள்.

எனக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது. இறங்கவில்லை, இறங்கவும் வேண்டாம். மணல் ஏற்றிய லாரிகளை மேலே நிறுத்தி, பாரம் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பாலத்தைத் திறந்த அன்று, முதல் பஸ்ஸை நான்தான் எடுப்பேன் என்று டிப்போவில் சண்டை போட்டு வாங்கினேன். ஏறிய ஒவ்வொருவரிடமும் இது யார் கவனிக்கிற பாலம் தெரியுமா என்று கேட்டேன். கண்டக்டர்தான் பாவம், காதைப் பொத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் திரையில் கோட்டின் நடுவே எழும்பியிருந்த ஒரு சின்ன மேட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இது நீங்க."

ஆயிரம் வண்டி போகிறது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். மற்றவர்கள் ரோடும் பாலமும் சேரும் கிழக்கு இணைப்பில் தடதடவென்று ஏறுகிறார்களாம். நான் மட்டும்தான் பதமாக ஏறுகிறேனாம். பிறகு, முட்டியைக் காட்ட டாக்டரிடம் எப்போது போகப் போகிறீர்கள் என்று கேட்டாள். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். அவள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள், அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தாளே, அதே பார்வை.

மறுநாள் காலை பஸ் நிறைய ஆட்கள். பாலம் நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தேன். பிரேக்குக்குப் போன வலது கால் முட்டியில் லேசாகப் பிடித்தது. கீழே ஆறு வெளிச்சமாக ஓடிக்கொண்டிருந்தது. முன்சக்கரம் கிழக்கு இணைப்பின் மேல் மெல்ல ஏறியது. அவள் திரையில் இந்நேரம் ஒரு சின்ன மேடு எழுந்திருக்கும்.